பாலியல் தொற்றுகள்: வாசகர் கேள்விகளும் வைத்தியரின் பதில்களும்

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் நீரிழிவு பற்றியவற்றில் முழுப் பெயரும் முகவரியும் இருக்கும். முழங்கால் வலி பற்றியவற்றில் எக்ஸ்ரே பிரதியும் சேர்ந்தே வரும். பாலியல் தொற்றுகள் பற்றிய கடிதங்களில் மட்டும் பெயர் இருப்பதில்லை. அவற்றுள் பல "என் நண்பர் ஒருவருக்கு" என்று தொடங்கி, இரண்டாவது பந்தியிலேயே "எனக்கு" என்று மாறிவிடும். அப்படியான ஏழு கடிதங்களை, அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை நீக்கிவிட்டு, இம்முறை எடுத்துக்கொண்டுள்ளேன். ஒவ்வொருவரும் வெவ்வேறு நோயைப் பற்றி எழுதியிருந்தாலும், அநேகர் உள்ளூரக் கேட்பது ஒன்றைத்தான்: இது யாரிடமிருந்து வந்தது? அந்தக் கேள்விக்கு ஆய்வுகூடத்தில் பெரும்பாலும் விடை கிடைக்காது என்பதையும், விடை தெரியாமலேயே நோய்க்குச் சிகிச்சை அளிக்கலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 27. வளைகுடா நாடொன்றில் சாரதி வேலைக்குத் தெரிவாகி மருத்துவப் பரிசோதனைக்குச் சென்றேன். வீ.டீ.ஆர்.எல். 'ரியாக்டிவ்' என்று எழுதி, தகுதியற்றவர் என முத்திரை குத்தித் தந்துவிட்டார்கள். முகவர் அதைக் "கெட்ட வருத்தம்" என்கிறார். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு தடவை தவறிப்போனது உண்மைதான். ஆனால் எனக்குப் புண்ணோ வலியோ எதுவும் வந்ததில்லை. அறிக்கையில் என்ன இருக்கிறது என்று அம்மா தினமும் கேட்கிறார். நான் என்ன செய்வது? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: உங்களைத் தம்பி என்று அழைக்கும் வயது எனக்கு உண்டு, அப்படியே அழைக்கிறேன். தம்பி, வீ.டீ.ஆர்.எல். என்பது ஒரு நோயின் பெயர் அன்று. 1946 இல் அந்தப் பரிசோதனையை உருவாக்கிய அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்றின் பெயர்ச் சுருக்கம் அது. பாலுறவால் பரவும் சிபிலிஸ் நோயின் கிருமியை அது நேரடியாகத் தேடுவதில்லை. அக்கிருமி உடற்கலங்களைச் சேதப்படுத்தும்போது வெளிப்படும் ஒருவகைக் கொழுப்புப் பொருளுக்கு எதிராக இரத்தத்தில் உருவாகும் பிறபொருளெதிரிகளையே காட்டுகிறது. அதே பிறபொருளெதிரிகள் மலேரியா, தொழுநோய், லூபஸ் முதலிய நோய்களிலும், சில வேளைகளில் கர்ப்ப காலத்திலும் முதுமையிலும்கூடத் தோன்றக்கூடும். ஆகவே 'ரியாக்டிவ்' என்ற சொல்லுக்கு, சிபிலிஸ் இருக்கக்கூடும், சரியாகப் பாருங்கள் என்பது மட்டுமே பொருள். ரீ.பி.பி.ஏ. போன்ற, அந்தக் கிருமிக்கே உரிய இரண்டாவது பரிசோதனை செய்யாமல் ஒருவரைச் சிபிலிஸ் நோயாளி என்று சொல்வது முகவரின் அவசரம். புண் வரவில்லை, ஆகவே நோயும் இல்லை என்று முடிவு கட்டுவது உங்கள் அவசரம்.

ஏனென்றால் இந்த நோய் ஒளிந்திருக்கத் தெரிந்த நோய். தொற்று ஏற்பட்டு 10 முதல் 90 நாட்களுக்குள், பெரும்பாலும் மூன்றாவது வாரமளவில், கிருமி புகுந்த இடத்தில் ஒரு புண் தோன்றும். கையுறை அணிந்த விரலால் தொட்டுப் பார்த்தால் அதன் அடிப்பாகம் சட்டைப் பொத்தானைப் போலக் கெட்டியாக இருக்கும். ஆனால் நோயாளி முகம் சுளிக்க மாட்டார், ஏனெனில் அது பொதுவாக வலிப்பதில்லை. முன்தோலுக்கு உட்புறத்திலோ, குதத்திலோ, வாய்க்குள்ளோ, பெண்களுக்குக் கருப்பைக் கழுத்திலோ அது தோன்றினால் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. மருந்து போட்டாலும் போடாவிட்டாலும் மூன்று முதல் ஆறு வாரங்களில் அது தானாகவே ஆறிவிடும் என்பதால், அந்நேரத்தில் எந்தக் களிம்பைப் பூசியிருந்தாரோ அந்தக் களிம்புதான் குணப்படுத்தியது என்று நோயாளி சத்தியம் செய்வார். பின்னர் உடம்பில், குறிப்பாக உள்ளங்கைகளிலும் உள்ளங்கால்களிலும், பெரும்பாலும் அரிப்பில்லாத செந்நிறத் தடிப்புகள் வரலாம், அவையும் மறைந்துவிடும். அதற்குப் பிறகு இரத்தப் பரிசோதனையில் மட்டுமே தென்படும் மௌன காலம் வருடக்கணக்கில் நீளும். சிகிச்சை பெறாதவர்களுள் ஒரு பகுதியினருக்குப் பத்து, இருபது வருடங்கள் கழித்து இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியோ மூளையோ பழுதாகும். அன்றைக்கு அந்தப் பழைய புண்ணை யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள்?

கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் மத்திய சிகிச்சை நிலையம் இருக்கிறது. கொட்டாஞ்சேனையிலிருந்து அது தூரமில்லை. வேறொரு வைத்தியரின் கடிதம் தேவையில்லை, கட்டணம் இல்லை, விபரங்கள் இரகசியமாகப் பேணப்படும். அறிக்கையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேரே போங்கள். இரண்டாவது பரிசோதனையும் நோயை உறுதிப்படுத்தினால், சிகிச்சை பென்சதின் பெனிசிலின் ஊசி. தொற்று அண்மையில் ஏற்பட்டதாகத் தெரிந்தால் ஒரு தடவை போதும்; எப்போது ஏற்பட்டது என்று தெரியாதபோது வாரத்துக்கு ஒன்றாக மூன்று வாரங்களுக்குப் போடுவார்கள். பிட்டத்தில் ஏற்றப்படும் அந்த ஊசி வலிக்கும். அதை மறைப்பதில் பயனில்லை. முதல் நாள் இரவு காய்ச்சலும் உடம்பு உளைவும் வரலாம். கிருமிகள் மொத்தமாக அழியும்போது ஏற்படுவது அது, மறுநாள் தணிந்துவிடும். பெனிசிலின் ஒவ்வாமை உங்களுக்கு இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாற்று மருந்து இருக்கிறது.

சிகிச்சைக்குப் பிறகு வீ.டீ.ஆர்.எல். அளவு படிப்படியாக இறங்கும். அதைப் பார்க்கத்தான் சில மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் அழைப்பார்கள். ரீ.பி.பி.ஏ. மட்டும் பெரும்பாலானோருக்கு ஆயுள் முழுவதும் 'பொசிட்டிவ்' ஆகவே இருக்கும். அது பழைய தழும்பு போன்றது; அதைக் கண்டு மீண்டும் மீண்டும் ஊசி போட்டுக்கொள்ளத் தேவையில்லை. வேலை பற்றிய முடிவு அந்த நாட்டின் விதிகளைப் பொறுத்தது. சிகிச்சையை அதற்காகப் பிற்போடாதீர்கள். செய்த பரிசோதனைகளையும் பெற்ற சிகிச்சையையும் எழுத்தில் தரும்படி கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முகவரின் "கெட்ட வருத்தம்" என்ற சொல் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் இந்த நோய்க்குப் பறங்கிப் புண் என்றொரு பழைய பெயர் உண்டு. கப்பலில் வந்த பறங்கியர் கொண்டுவந்தது என்ற எண்ணத்தில் வைத்த பெயர். இத்தாலியர் இதைப் பிரெஞ்சு நோய் என்றார்கள்; பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். ஒவ்வொரு ஊரும் அடுத்த ஊரைக் கைகாட்டியது. நம் நாட்டில் அதே பறங்கி என்ற பெயர், பாலுறவால் பரவாமல் தோலோடு தோல் உரசுவதால் சிறுவர்களிடையே பரவிய இன்னொரு நோய்க்கும் வழங்கியது. அதன் கிருமி சிபிலிஸ் கிருமியின் மிக நெருங்கிய உறவு. எனவே சிறுவயதில் அந்த நோய் கண்ட முதியவர் ஒருவருக்கும் இதே பரிசோதனைகள் 'பொசிட்டிவ்' காட்டக்கூடும். எழுபது வயதுப் பாட்டியின் அறிக்கையைப் பார்த்துப் பிள்ளைகள் தலைகுனிந்து நின்ற காட்சியை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

அம்மாவிடம், இரத்தத்தில் ஒரு குறை தெரிகிறது, அதை உறுதிப்படுத்த இன்னொரு பரிசோதனை செய்ய வேண்டியிருக்கிறது என்று சொல்லுங்கள். அதில் பொய் எதுவும் இல்லை.

கேள்வி: வயது 34, இரண்டு பிள்ளைகள். சில மாதங்களாக நாற்றத்துடன் வெள்ளைபடுகிறது. பெண் நோய் வைத்தியர் எனக்கும் கணவருக்கும் சேர்த்துக் குளிசை எழுதித் தந்தார். கணவர், "எனக்கு ஒன்றுமில்லை, நான் ஏன் குடிக்க வேண்டும்?" என்கிறார். அவருக்கும் எழுதியதால் இப்போது எனக்கு அவர்மேல் சந்தேகமாக இருக்கிறது. அவருக்கோ என்மேல் கோபம். (வெள்ளவத்தை வாசகி)

பதில்: வெள்ளைபடுதல் என்ற ஒரே சொல்லுக்குள் நாம் நாலைந்து வெவ்வேறு விடயங்களை அடைத்து வைத்திருக்கிறோம் என்பதுதான் முதல் சிக்கல். மாதவிடாய்ச் சக்கரத்தின் நடுப்பகுதியில் முட்டை வெண்கருவைப் போல் வழுவழுப்பாக வருவது இயல்பானது. அதற்கு மருந்தே வேண்டாம். திரைந்த பாலைப் போல் கட்டிகட்டியாக, கடுமையான அரிப்புடன் வருவது பெரும்பாலும் கண்டிடா என்ற பூஞ்சை. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் எடுத்த பிறகும், நீரிழிவு உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் அது வரும், பாலுறவுத் தொற்றாக அதைக் கணக்கிடுவதில்லை. நீர்த்தன்மையாக, சாம்பல் நிறத்தில், மீன் வாடையோடு வருவது யோனியில் இயல்பாக வாழும் பற்றீரியாக்களின் சமநிலை குலைவதால் ஏற்படுவது. மஞ்சள் அல்லது பச்சை சாயலில், நுரைத்தன்மையோடு, எரிச்சலுடன் வருவது ட்ரைகொமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். இது பாலுறவால் பரவுவது. பாலுறவால் பரவும் பற்றீரியாத் தொற்றுகளான கிளமிடியாவும் கொனோரியாவும் சிறிதளவு வெள்ளையோடு வரலாம். எந்த அறிகுறியுமே இல்லாமலும் இருக்கலாம். கண்ணால் பார்த்து இவற்றைப் பிரித்தறிவதில் அனுபவமுள்ள வைத்தியர்களும் தவறுவதுண்டு. பஞ்சுக் குச்சியில் எடுத்த மாதிரியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால் ட்ரைகொமோனாஸ் வால் துடிக்க நீந்திக்கொண்டிருக்கும். அதைப் பார்த்த பிறகு வாதத்துக்கு இடமில்லை.

கணவருக்கும் சேர்த்து எழுதப்பட்டது என்பதால், உங்கள் வைத்தியர் ட்ரைகொமோனாஸையோ கிளமிடியாவையோ எண்ணியிருக்கக்கூடும். திரும்பிச் சென்று, என்ன நோய் என்று பெயரைக் கேட்டு ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை. இனிச் சந்தேகத்துக்கு வருவோம். இந்த இரண்டு தொற்றுகளும் ஒரு பெண்ணின் உடலில் மாதக்கணக்கில், சில வேளை அதற்கும் மேலாக, சத்தமின்றி இருக்கக்கூடியவை. ஆண்களில் ட்ரைகொமோனாஸ் பெரும்பாலும் எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. ஆகவே இன்று கண்டுபிடிக்கப்பட்டது இன்று வந்ததாக இருக்க வேண்டியதில்லை. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதையும் பரிசோதனை சொல்லாது. உங்கள் கணவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்வது அவர் உணர்வதைப் பொறுத்தவரையில் முழு உண்மையாகவே இருக்கலாம். அந்த உண்மையோடுதான் கிருமியும் இருக்கிறது.

அவரிடம் நியாயம் பேசுவதைவிடக் கணக்குப் பேசுவது எளிது. நீங்கள் மட்டும் மருந்து எடுத்தால், குணமாகி அடுத்த உறவிலேயே மீண்டும் தொற்றிக்கொள்ளும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் அள்ளுகிற வேலை அது. இருவரும் ஒரே காலத்தில் எடுத்து, சிகிச்சை முடியும் வரையும் அதன் பின் வைத்தியர் சொல்லும் நாட்கள் வரையும், பொதுவாக ஒரு வாரம், உறவைத் தவிர்த்தால் அத்தோடு முடிந்தது. இதை அலட்சியம் செய்தால், குறிப்பாகக் கிளமிடியா, கருப்பையிலிருந்து பலோப்பியன் குழாய்களுக்கு ஏறி அவற்றைத் தழும்பாக்கி அடைத்துவிடும். பிள்ளைப்பேறின்மைக்குச் சிகிச்சை தேடிவரும் சில பெண்களிடம், ஒருநாளும் வலி தெரியாத பழைய கிளமிடியாவின் சுவடு இருக்கிறது. உங்களுக்கு இரண்டு பிள்ளைகள் இருப்பதால் இது பொருந்தாது என்று நினைக்க வேண்டாம். பழுதான குழாயிலேயே கரு தங்கிவிடும் குழாய்க் கர்ப்பம் உயிருக்கே ஆபத்தானது.

இன்னொன்று. நாற்றம் வந்தவுடன் கிருமிநாசினித் திரவத்தை நீரில் கலந்து உட்புறமாகக் கழுவும் பழக்கம் நம் பெண்களிடம் இருக்கிறது. அது இருக்கும் நல்ல பற்றீரியாக்களையும் அழித்து நிலைமையை மோசமாக்கும். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவுவது போதும்.

கேள்வி: புறக்கோட்டையில் வியாபாரம் செய்கிறேன். வெளியூர் போயிருந்தபோது நடந்த ஒரு விடயத்தின் பின், நான்காம் நாள் சிறுநீர் கழிக்கும்போது நெருப்பாக எரிந்து மஞ்சள் சீழ் வந்தது. பாமசியில் சொல்லி நான்கு கப்சியூல் வாங்கிப் போட்டேன், சீழ் குறைந்துவிட்டது. இதற்கிடையில் மனைவியோடும் இருந்துவிட்டேன். அவருக்குத் தெரியாமல் தேநீரில் கலந்து கொடுக்கக்கூடிய மருந்து ஏதும் இருக்கிறதா? (பெயர் வேண்டாம்)

பதில்: இல்லை. இருந்தாலும் எழுத மாட்டேன். உங்கள் மனைவிக்கு எந்த மருந்து ஒவ்வாது, அவர் இப்போது கர்ப்பமாக இருக்கிறாரா என்பதொன்றையும் தெரியாமல் தேநீரில் கலப்பது, நோயைவிடப் பெரிய ஆபத்து.

நீங்கள் விபரிப்பது கொனோரியா. நம் சித்த வைத்தியர்கள் வெட்டை, மேகவெட்டை என்று சொல்லி வந்த வருத்தங்களுள் இதுவும் ஒன்று. ஆண்களுக்கு இரண்டு முதல் ஏழு நாட்களுக்குள் சீழோடு வெளிப்பட்டுவிடும் என்பதால் ஆண் தப்பித்துக்கொள்கிறான். உடனே மருந்து தேடுகிறான். பெண்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எந்த அறிகுறியும் இராது. அவள் தேடுவதற்குக் காரணமே தெரியாது. சீழ் குறைந்துவிட்டதைக் குணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தப் பற்றீரியா தன்னை எதிர்த்த மருந்துகளை ஒவ்வொன்றாகத் தோற்கடித்து வந்திருக்கிறது: 1930களில் வந்த சல்பா மருந்துகள், பிறகு பெனிசிலின், பிறகு டெட்ராசைக்ளின், அண்மைக் காலத்தில் சிப்ரொஃப்ளொக்சசின் வகை எல்லாம் பலனிழந்து, இன்று செஃப்ட்ரையக்சோன் என்ற ஊசியே பிரதான துணை. வைத்தியரின் துண்டு இன்றி, கவுண்டருக்கு மேலாகக் குனிந்து மெதுவாகச் சொல்லி வாங்கிய நான்கு கப்சியூல்கள் செய்வது, பலவீனமான கிருமிகளைக் கொன்று பலமானவற்றை விட்டுவைப்பதுதான். கூடவே கிளமிடியாவும் தொற்றியிருக்கும் வாய்ப்பு கணிசமானது. அதற்கு வேறு மருந்து.

நீங்கள் இருவருமே சிகிச்சை நிலையத்துக்குச் செல்ல வேண்டும். மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று அங்குள்ளவர்களிடம் கேளுங்கள். அந்தக் கேள்வி தினமும் அவர்கள் காதில் விழுவது, சொல்ல வேண்டியதைச் சொல்ல உதவுவார்கள். அவர் பரிசோதிக்கப்படும் வரையும், உங்கள் சிகிச்சை முடியும் வரையும் உறவு வேண்டாம். அவர் கர்ப்பமாக இருந்தால் நாளையே போங்கள்: பிரசவத்தின்போது இந்தக் கிருமி குழந்தையின் கண்களில் பட்டு, சில நாட்களில் பார்வையையே பறிக்கக்கூடியது. சொல்வது கடினம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு நீங்கள் யோசித்தது அவருடைய உடலைப் பற்றி. அதைப் பற்றித் தீர்மானிக்கும் உரிமை அவருக்குத்தான்.

கேள்வி: பம்பலப்பிட்டியில் ஒரு விடுதியில் பதினொரு பேர் இரண்டு கழிவறைகளைப் பயன்படுத்துகிறோம். ஒரு தோழிக்குப் பாலியல் நோய் என்று கேள்விப்பட்டோம். எங்களுக்கும் வருமா?

பதில்: கழிவறை இருக்கையிலிருந்து சிபிலிஸோ, கொனோரியாவோ, எச்.ஐ.வி.யோ வராது, நீச்சல் தடாகத்திலிருந்தும், கொசுக்கடியிலிருந்தும், ஒரே பீங்கானில் சாப்பிடுவதிலிருந்தும் வராது. படுக்கை விரிப்பு, உடுப்பு வழியாகப் பரவக்கூடியவை சொறியும் பேன் வகையுமே. சவர அலகையும் பல் தூரிகையையும் மட்டும் பகிர வேண்டாம். ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் இரத்தத் துளிகளால் பரவும். தோழியின் செய்தி எப்படி உங்கள் பதினொரு பேருக்கும் தெரிய வந்தது என்பதுதான் எனக்குக் கவலை.

கேள்வி: எனக்கு 25 வயது, தை மாதம் திருமணம். சென்ற வருடம் அந்தரங்க உறுப்பில் சிறு கொப்புளங்கள் கூட்டமாக வந்து உடைந்து எரிந்தன. வைத்தியர் ஹேர்ப்பீஸ் என்றார். மாறிவிட்டது, ஆனால் "முழுதாகப் போகாது" என்றும் சொன்னார். நான் திருமணம் செய்யலாமா? (தெகிவளை வாசகி)

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஹேர்ப்பீஸ் வைரஸில் இரண்டு வகை உண்டு. உதட்டோரத்தில் காய்ச்சலுக்குப் பின் வரும் கொப்புளத்தைப் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் முதல் வகை. உலகில் 50 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு அந்த வகை இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது. பலருக்குச் சிறுவயதில், அன்போடு கொடுத்த முத்தத்தில் வந்தது. அதே வகை வாய்வழி உறவால் அந்தரங்க உறுப்புக்கும் போகலாம். முதல் கொப்புளம் தொற்று ஏற்பட்ட உடனேயும் வரலாம், வருடங்கள் கழித்தும் வரலாம் என்பதால், இந்தக் கொப்புளத்தை வைத்து எவருடைய கடந்த காலத்தையும் எழுத முடியாது.

வைரஸ் முள்ளந்தண்டின் அருகேயுள்ள நரம்புக் கணுவில் தங்கிவிடும் என்பது உண்மை. வைத்தியர் சொன்னதன் பொருள் அதுதான். முதல் தடவைதான் பெரும்பாலும் கடுமையானது. பின்னர் வருபவை இலேசானவை, காலப்போக்கில் குறைபவை. அசைக்ளோவிர் குளிசையை அறிகுறி தொடங்கிய நாளிலேயே எடுத்தால் விரைவில் அடங்கும். அடிக்கடி வருபவர்களுக்குத் தினமும் எடுக்கும் முறை உண்டு. கொப்புளம் இருக்கும்போதும், வருவதற்கு முன் அந்த இடம் குறுகுறுக்கும்போதும் உறவைத் தவிர்க்க வேண்டும். கொப்புளம் இல்லாத நாட்களிலும் வைரஸ் சிறிதளவு வெளிப்படலாம். ஆணுறை அபாயத்தைக் குறைக்கும், அது மூடாத தோலைப் பாதுகாக்காது. பிள்ளை பெறும்போது மகப்பேற்று வைத்தியரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். பிரசவ நேரத்தில் கொப்புளம் இருந்தால் அதற்கேற்ப முடிவெடுப்பார்கள். மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் நான் சொல்லுங்கள் என்பேன், திருமணத்துக்கு முன்பே, இந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு.

கேள்வி: வயது 23, ஆண். பத்து நாட்களுக்கு முன் இன்னோர் ஆணுடன் ஆணுறை இன்றி உறவு கொண்டேன். தனியார் ஆய்வுகூடத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்தேன், 'நெகட்டிவ்'. நிம்மதியாக இருக்கலாமா? அரசாங்க இடத்துக்குப் போனால் பொலிஸுக்குச் சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

பதில்: அந்த 'நெகட்டிவ்' பத்து நாட்களுக்கு முன் நடந்ததைப் பற்றி அநேகமாக எதுவும் சொல்லவில்லை. கிருமி நுழைந்த நாளுக்கும் பரிசோதனையில் தென்படும் நாளுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. வைரஸின் ஒரு புரதத்தையும் பிறபொருளெதிரியையும் சேர்த்துத் தேடும் நான்காம் தலைமுறை ஆய்வுகூடப் பரிசோதனை 45 நாட்களில் உறுதியான விடை தரும். விரலில் குத்தி உடனே பார்க்கும் சோதனைக்கு 90 நாட்கள் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அதுவரை ஆணுறை இன்றி எவருடனும் உறவு வேண்டாம். சம்பவம் நடந்து 72 மணித்தியாலங்களுக்குள் வந்திருந்தால் 28 நாட்களுக்குத் தடுப்பு மருந்து கொடுத்திருக்கலாம். அந்த வாசல் மூடிவிட்டது, அடுத்த தடவைக்காக நினைவில் வைத்திருங்கள். முன்கூட்டியே எடுக்கும் தடுப்புக் குளிசையும் இருக்கிறது; அது உங்களுக்கு ஏற்றதா என்று கேளுங்கள்.

சிகிச்சை நிலையம் பொலிஸ் நிலையம் அன்று. யாருடன் என்று வைத்தியர் கேட்பது, தொண்டையிலிருந்தும் குதத்திலிருந்தும் மாதிரி எடுக்க வேண்டுமா என்று தெரிந்துகொள்ளத்தான். மறைத்தால் கொனோரியா அங்கே தப்பிவிடும். சிபிலிஸ் பரிசோதனையையும் சேர்த்துச் செய்துகொள்ளுங்கள். இலங்கையில் 1987 இல் முதலாவது எச்.ஐ.வி. தொற்று அறியப்பட்டபோது இங்கே அதற்கு மருந்து கிடைக்கவில்லை. இன்று தினமும் குளிசை எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த ஒருவர், பாலுறவால் மற்றவருக்கு அதைக் கடத்துவதில்லை. வழக்கமான ஆயுளை வாழ்கிறார். கர்ப்பிணிகள் அனைவரையும் பரிசோதித்து வந்ததால், தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை இல்லாதொழித்த நாடாக 2019 டிசம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கைக்குச் சான்றளித்தது. அந்தத் தாய்மார் பயமின்றிக் கை நீட்டி இரத்தம் கொடுத்ததால் கிடைத்த சான்று அது. 45 ஆம் நாளை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள், தம்பி.

கேள்வி: மகள் தரம் 6 இல் படிக்கிறாள். பாடசாலையில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசிக்குச் சம்மதப் படிவம் தந்திருக்கிறார்கள். அது பாலுறவால் வரும் கிருமிக்கான ஊசி என்று என் அண்ணி சொல்கிறார். பதினொரு வயதுப் பிள்ளைக்கு ஏன்? (முகத்துவாரம், ஒரு தாய்)

பதில்: அண்ணி சொல்வது சரி, அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் பிழை. எச்.பி.வி. என்ற இந்த வைரஸ், பாலுறவு வாழ்க்கை தொடங்கிய பெரும்பாலானோருக்கு ஏதோ ஒரு காலத்தில் தொற்றுவது. ஒரே ஒரு கணவனோடு வாழ்ந்த பெண்ணுக்கும் வரும். பெரும்பாலான தொற்றுகளை உடலே இரண்டு வருடங்களுக்குள் விரட்டிவிடும். விரட்டப்படாமல் தங்கிவிடும் சிலவற்றில் 16, 18 என்ற இரு வகைகள்தான் உலகில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்குக் காரணம். இந்த வைரஸுக்கும் அப்புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்த ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008 இல் நோபல் பரிசு கிடைத்தது.

தடுப்பூசி ஏற்கெனவே புகுந்த வைரஸை வெளியேற்றாது. புகுவதற்கு முன் போட்டால்தான் முழுப் பலன். இளவயது உடல் அதற்கு நன்றாகவும் பதிலளிக்கிறது. 2017 இலிருந்து நம் பாடசாலைகளில் தரம் 6 மாணவிகளுக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவையாக அதைக் கொடுப்பது இதனால்தான். பிள்ளைக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியைக் கைக்குழந்தையாக இருந்தபோதே போட்டீர்கள்; அந்த வைரஸும் பாலுறவால் பரவக்கூடியது, அன்று யாரும் உங்களிடம் ஏன் என்று கேட்கவில்லை. மகள் கேட்டால், பெரியவளான பிறகு வரக்கூடிய ஒரு புற்றுநோயைத் தடுக்கும் ஊசி என்று சொல்லுங்கள். அவளுக்குக் கவலை ஊசி வலிக்குமா என்பதாகத்தான் இருக்கும். கொஞ்சம் வலிக்கும். போட்ட பிறகு பதினைந்து நிமிடம் உட்காரச் சொல்வார்கள். சில பிள்ளைகளுக்குத் தலைசுற்றும், காலையில் சாப்பிடாமல் அனுப்பாதீர்கள்.

உங்கள் வயதை நீங்கள் எழுதவில்லை. உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் வெல் வுமன் கிளினிக் நடக்கிறது. 35 வயதிலும் 45 வயதிலும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையை அங்கே இலவசமாகச் செய்கிறார்கள். படிவத்தில் கையொப்பமிட்டு மகளிடம் கொடுத்தனுப்பும் அன்றே, உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் அந்தக் கிளினிக் எந்தக் கிழமை என்று கேட்டுக்கொள்ளுங்கள். அண்ணியையும் கூட்டிக்கொண்டு போகலாம்.